கடித்தால் சட்டம் இருக்கிறது, குரைத்தால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்களைப் பற்றி உங்கள் நாளிதழில் செய்தியும் கடிதமும் விடாமல் வருகின்றன. உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம், வரத்தான் வேண்டும். ஆனால் பூட்டிய கேட்டுக்கு உள்ளே சங்கிலியில் நின்று, நாள் முழுக்கக் குரைக்கும் வளர்ப்பு நாயைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. கடிதம் கொஞ்சம் நீளம்தான். வெட்டுவதென்றால் என் புலம்பலை வெட்டுங்கள், சட்டத்தைப் பற்றிய பகுதியை விட்டுவிடுங்கள்.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். பெரும்பாலும் இரவுப் பணி. காலையில் வீட்டுக்கு வந்து, குளித்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திப் படுக்க ஒன்பது மணி ஆகிவிடும். பக்கத்து வீட்டுக் கணவனும் மனைவியும் வேலைக்குக் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். கேட் சாத்தும் சத்தம் கேட்கும். அப்புறம் கார் நிறுத்தும் இடத்தில் கட்டியிருக்கும் டைகர் ஆரம்பிக்கும்.

ஆளைப் பார்த்துக் குரைப்பது வேறு. தபால்காரர் போய்விட்டால் அது அடங்கிவிடும். டைகருடையது கூப்பிடுகிற குரைப்பு. மூன்று முறை குரைக்கும், நிறுத்திக் காது கொடுக்கும், யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் ஒரு நீண்ட ஊளை, மறுபடி மூன்று. நடுவில் வரும் அமைதிதான் எனக்குச் சத்தத்தைவிடக் கொடுமை, அடுத்தது எப்போது என்று காத்துக்கொண்டு கிடக்க வேண்டும். காதில் பஞ்சு வைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஊளை பஞ்சுக்கு அடங்குவதில்லை. தூங்காமல் பணிக்குப் போகும் செவிலியர் மருந்தின் அளவை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டே இரவைக் கழிக்க வேண்டும். இதைச் சொகுசுப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் அந்தப் படுக்கையில் படுத்திருப்பவர் தம் வீட்டுக்காரர் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளட்டும்.

பக்கத்து வீட்டார் கெட்டவர்கள் இல்லை. நான் போய்ச் சொன்னதும் அந்தத் தம்பி உண்மையாகவே திகைத்துப் போனார். "அப்படியா அக்கா? நாங்க இருக்கும்போது இவன் வாயே திறக்க மாட்டானே!" அவர் சொன்னது பொய்யில்லை. டைகர் குரைப்பதே அவர்கள் இல்லாததால்தான். ஆக, எங்கள் தெருவில் அந்தக் குரைப்பைக் கேட்டிராத ஒரே குடும்பம் அவர்கள்தான். கைப்பேசியில் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். அவர் மனைவியின் முகம் வாடிவிட்டது. ஆனால் மறுநாள் அவர்களும் வேலைக்குப் போகத்தானே வேண்டும்? "நாய்னா குரைக்கத்தானே செய்யும்" என்று அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் முடித்துவைத்தார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம் என இறங்கினேன். காவல் நிலையத்தில் மரியாதையாகவே பேசினார்கள். நாய் கடித்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே தெருநாயா, வீட்டு நாயா என்று கேட்டார்கள். வீட்டு நாய் என்றதும், "தடுப்பூசி போட்டிருக்காங்களா? அப்போ எங்க கையில எதுவும் இல்லை மேடம், சத்தம்னா மாசு கட்டுப்பாட்டு வாரியம்" என்றார்கள். வாரிய அலுவலகத்தில் மறுபடி காவல் நிலையத்துக்கே கைகாட்டினார்கள். கேலியாக இருந்தாலும், இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் சட்டப்படி ஓரளவு சரி என்று பிறகு தெரிந்தது.

உடன் பணிபுரியும் தோழியின் தம்பி வழக்கறிஞர். அவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கியதையும், நானே தேடிப் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல் அலைகிறவர்கள் பலர் இருப்பார்கள், அவர்களுக்கு உதவும்.

முதலில் குற்றவியல் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 291ஆம் பிரிவு, தன்னிடம் உள்ள விலங்கை அலட்சியமாக வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய அலட்சியத்துக்கு மட்டும்தானாம். கடிக்கிற நாய்க்கான சட்டம், குரைக்கிற நாய்க்கு அது பொருந்தாது.

அடுத்து, பொதுத் தொல்லை. 270ஆம் பிரிவு அதை விளக்குகிறது, 292ஆம் பிரிவு அதற்கு 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 200 ரூபாயாக இருந்தது. இதில் இரண்டு சிக்கல். தொல்லை பொதுமக்களுக்கோ அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களுக்குப் பொதுவாகவோ இருக்க வேண்டும், என் படுக்கையறை ஜன்னலுக்கு மட்டும் என்றால் அது பொதுத் தொல்லை ஆகாது. பகலில் எங்கள் தெருவில் பெரும்பாலானவர்கள் வீட்டில் இருப்பதில்லை, இருக்கிறவர்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். இரண்டாவது சிக்கல், இது காவல் துறை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் விசாரிக்க முடியாத வகைக் குற்றம். அந்த உதவி ஆய்வாளர் என்னைத் தட்டிக்கழித்தார் என்று நினைத்திருந்தேன், பாதியாவது அவர் கை கட்டப்பட்டிருந்தது.

மூன்றாவது வழி, கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடம் போவது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி அவர் தொல்லையை நீக்கச் சொல்லி நிபந்தனை உத்தரவு போடலாம். பழைய நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு என்றால் பலருக்கும் தெரியும். அங்கேயும் பொது இடம், சமூகத்தின் உடல்நலம், ஆபத்தான விலங்கு என்றுதான் வாசகங்கள் போகின்றன. ஒரே வளாகத்தில் ஒருவர் பத்துப் பதினைந்து நாய்களை வைத்துக்கொண்டு தெருவையே தூங்கவிடாமல் செய்தால் இந்த வழி பலனளிக்கக்கூடும். ஒற்றை டைகருக்குச் சிரமம்.

இப்போது ஒலி மாசு விதிகளுக்கு வருகிறேன், இங்குதான் எனக்கு உண்மையிலேயே கோபம். 2000ஆம் ஆண்டின் விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்றால் 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. வரம்பைவிட 10 டெசிபலாவது கூடினால் புகார் கொடுக்கலாம். புகாரைக் கேட்க வேண்டியவர்கள் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி. வாரியத்தில் காவல் துறையைக் கைகாட்டியது இதனால்தான்.

ஆக, பகலில் என் ஜன்னலில் 65 டெசிபல் வர வேண்டும். வரும், இதைவிடக் கூடவே வரும், ஆனால் சராசரியில் காணாமல் போய்விடும். விதியில் உள்ள அளவு ஒரு நொடியில் எழும் சத்தத்தின் அளவு அல்ல, ஒரு கால அளவுக்கான சராசரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குரைப்பு அரை விநாடிகூட நீடிப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் நூறு முறை குரைத்தாலும் சத்தம் இருந்த நேரம் மொத்தம் 36 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது மணி நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு. குரைப்பு ஒவ்வொன்றும் என் ஜன்னலில் 70 டெசிபல் இருந்தால், அந்த மணி நேரச் சராசரியில் அதன் பங்கு சுமார் 50 டெசிபல்தான். வரம்புக்குள் அடங்கிவிட்டது! நூறு முறை திடுக்கிட்டு எழுந்தவள் சட்டத்தின் கண்ணில் அமைதியான வீட்டில் தூங்கியவள். ஒலிபெருக்கிக்கும் ஜெனரேட்டருக்கும் பொருந்துகிற அளவுகோல் இது. ஓயாமல் சொட்டும் குழாயை வாளியில் சேர்ந்த தண்ணீரை வைத்து அளந்தால் தூக்கம் போனது தெரியுமா?

போதாததற்கு, சட்டத்துக்கு இரவு என்பது கடிகாரத்தின் இரவு. செவிலியர்கள், காவலாளிகள், ஓட்டுநர்கள், ஆலையில் மூன்றாம் ஷிப்ட் பார்ப்பவர்கள், இரவு முழுக்கக் கணினி முன் உட்காரும் பிள்ளைகள் என நாட்டில் பகலில் தூங்குகிறவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. எங்களுடைய இரவுக்கு விதியில் இடமே கிடையாது.

2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. தன் வீட்டுக்குள் அமைதியாக வாழ விரும்புகிறவருக்கு, தன்னை வந்தடையும் சத்தத்தைத் தடுக்க உரிமை உண்டு, அது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் கூறில் உள்ள வாழும் உரிமையின் பகுதி என்றது. அருமையான தீர்ப்பு. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் எந்தக் கவுண்ட்டரில் போய் நிற்பது?

நிற்கக்கூடிய இடம் உரிமையியல் நீதிமன்றம்தான். தனிப்பட்ட தொல்லை என்ற அடிப்படையில் உறுத்துக்கட்டளை, அதாவது தொல்லையை நிறுத்தச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு, கேட்டு வழக்குப் போடலாம். இதற்குத் தெரு முழுக்கக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, பாதிக்கப்பட்ட ஒருவர் போதும். நீதிமன்றம் டெசிபலை மட்டும் பார்க்காது. எவ்வளவு நேரம், எந்த நேரம், எத்தனை நாளாக, சாதாரண மனிதரால் பொறுக்க முடியுமா என்று பார்க்கும். இதைத்தான் சட்டம் ஆரம்பத்திலேயே பார்க்க வேண்டும் என்பது என் வாதம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்மேல் வழக்குப் போட்டுவிட்டு, வாய்தா வாய்தாவாக அலைந்துவிட்டு, மாலையில் அதே கேட் முன்னால் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்கள், "சங்கத்தில் தீர்மானம் போட்டு நாயை வெளியேற்றிவிடலாமே" என்பார்கள். முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பெரும்பான்மை இருந்தாலும் வளர்ப்புப் பிராணிகளுக்குச் சங்கம் தடை போட முடியாது, நாய் குரைக்கிறது என்பது தடைக்குக் காரணம் ஆகாது. எனக்கு இதில் மாற்றுக் கருத்து இல்லை. குரைப்பது நாயின் பேச்சு, அதைத் தடை செய்வது அநியாயம். ஆனால் அதே வழிகாட்டுதலில் பலர் படிக்காமல் விடுகிற இன்னொரு வரியும் இருக்கிறது: விடாமல் குரைப்பது அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல், குறிப்பாக இரவில் நாயை அமைதியாக வைக்க வளர்ப்பவர்கள் எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று. முதல் வரியை அச்சடித்து லிஃப்டில் ஒட்டுகிறவர்கள் இரண்டாவதையும் சேர்த்து ஒட்டினால் தேவலை.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு உதவக்கூடியதாகத் தெரிந்த பிரிவு, நான் தேடவே தேடாத இடத்தில் இருந்தது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு. வழக்கமாகச் சங்கிலியில் கட்டியோ நெருக்கமாக அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உரிய உடற்பயிற்சி தராமல் அலட்சியப்படுத்துவது கொடுமை என்று அதில் தனியாகவே ஒரு உட்பிரிவு இருக்கிறது. நாய் என்றே பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அளவுக்கு மீறிக் குட்டையான, கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும் அதே பிரிவில் குற்றம். டைகரின் சங்கிலி அது படுக்கும் சாக்கிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைதான் எட்டும். காலையில் அவசரமாக ஒரு சுற்று, இரவில் ஒரு சுற்று, மற்றபடி நாள் முழுக்க அந்த நான்கடி. குரைக்காமல் என்ன செய்யும்? நானாக இருந்தால் நானும் குரைப்பேன்.

முதல் தடவை குற்றத்துக்கு என்ன அபராதம் தெரியுமா? குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். 1960இல் அது பணம். இன்று அந்தத் தொகைக்கு யாரும் சங்கிலியைக்கூடக் கழற்ற மாட்டார்கள். ஆனாலும் இந்தப் பிரிவு ஒரு காரியம் செய்தது, பேச்சின் திசையை மாற்றியது. "உங்க நாய் எனக்குத் தொல்லை" என்று போனபோது மூடிய கதவு, "டைகர் பாவம், பகலெல்லாம் கட்டியே கிடக்கிறான்" என்று போனபோது திறந்தது. கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். தனிமையில் பதற்றப்படுகிற நாய்கள் பெரும்பாலும் ஆள் கிளம்பிய முதல் அரை மணிக்குள் அதிகம் குரைக்கும், கிளம்பும் முன் நன்றாக நடக்கவிட்டு, மென்று கொண்டிருக்க ஏதாவது கொடுத்துவிட்டு, தெரு கண்ணில் படாத இடத்தில் அவிழ்த்து விடுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். இப்போது டைகர் பின்கட்டில் அவிழ்த்து விடப்பட்டிருக்கிறான். குரைப்பு நிற்கவில்லை, பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. அவர்கள் ஊருக்குப் போகும் நாட்களில் பழைய கதைதான்.

எங்கள் நிலைமை தெரிந்த ஒருவர், "எதுக்கு இவ்வளவு பாடு, ரொட்டியில ஒரு மருந்து வெச்சா முடிஞ்சது" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சிலர் செய்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். விலங்கைக் கொல்வதும் விஷம் வைப்பதும் நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நாயை வளர்ப்பவரின் அலட்சியத்துக்கு 50 ரூபாய் அபராதம் என்பது எவ்வளவு அபத்தமோ, அதற்காக வாயில்லா ஜீவனுக்கு மரண தண்டனை கொடுப்பது அதைவிட ஆயிரம் மடங்கு அபத்தம்.

வெளிநாடுகளில் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்றும் பார்த்தேன். வெளிநாடு என்றால் எல்லாமே உயர்வு என்ற எண்ணம் எனக்கு இல்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகர விதி டெசிபலை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறது. தொடர்ந்து 10 நிமிடம், அல்லது 3 மணி நேரத்துக்குள் விட்டுவிட்டு 30 நிமிடம் குரைப்பு கேட்டால் அது மிகையான குரைப்பு. கைக்கடிகாரம் இருந்தால் போதும், யாரும் அளந்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்பே உரிமையாளருக்குத் தொல்லை உத்தரவு தரலாம், அது ஆறு மாதம் செல்லும். நியூசிலாந்தின் 1996ஆம் ஆண்டு நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அதிகாரி நேரில் வந்து பார்த்து, குரைப்பைக் குறைக்க என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் கொடுக்கலாம். உரிமையாளர் அதை ஆட்சேபிக்கவும் வழி உண்டு. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், குடியிருப்பவர் புகார் கொடுத்தால் விசாரிக்க வேண்டியது உள்ளாட்சியின் கடமை என்கிறது. நம் மக்கள் நிறைய பேர் வாழும் சிங்கப்பூரில் 2015இல் வந்த சமூகத் தகராறு தீர்வுச் சட்டத்தில், வளர்ப்பு விலங்கு அளவுமீறிச் சத்தம் போடுவதும் அண்டை வீட்டாருக்கு இடையூறு என்றே எழுதியிருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் புகார் போய்ச் சேரும் இடம் ஒன்று என்று எழுதியிருக்கிறது. நம் ஊரில் இல்லாதது அதுதான். இத்தனை பிரிவுகள் இருந்தும், குரைப்பு என்று சொன்னதும் "இது எங்கள் வேலை" என்று சொல்ல ஓர் அதிகாரி இல்லை.

அது வரும்வரை என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது? ஒரு நோட்டில் தேதி, குரைப்பு தொடங்கிய நேரம், அடங்கிய நேரம் எழுதி வையுங்கள். கைப்பேசிப் பதிவில் சத்தம் சிறிதாகத்தான் கேட்கும், ஆனால் நேரம் பதிவாகும், அதுதான் முக்கியம். முதலில் நாய் வளர்ப்பவருக்கே அதைக் காட்டுங்கள். என் அனுபவத்தில் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பேச்சு பலிக்காவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசிச் சமரசம் செய்துவைக்க அங்கே வழி இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இது பல பெண்களுக்குத் தெரியாது, எனக்கும் அந்த வழக்கறிஞர் சொல்லித்தான் தெரியும்.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதுச் சட்டம்கூட வேண்டாம். பல மாநகராட்சிகளில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இருந்தால் கொடுத்துவிடுகிறார்கள். அந்த உரிமத்தின் நிபந்தனைகளில், நிமிடக் கணக்கில் ஒரு வரம்பை, பகலுக்கும் இரவுக்கும் சேர்த்து எழுதட்டும். புகார் வந்தால் அபராதத்துக்கு முன்னால் ஒரு கால்நடை மருத்துவரை அனுப்பிப் பார்க்கட்டும், ஏனென்றால் ஓயாமல் குரைக்கும் நாய்க்கு அநேகமாக ஏதோ ஒரு குறை இருக்கும். அப்படியே விண்ணப்பப் படிவத்தில், "நாய் பகலில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்? எங்கே, எப்படி?" என்று ஒரு கேள்வியும் சேர்க்கட்டும். பதில் எழுதும்போதே பாதிப் பேர் யோசிப்பார்கள். உங்கள் நிருபர்கள் உள்ளாட்சி அதிகாரிகளைச் சந்திக்கும்போது இதைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன். காலைப் பதிப்பில் போட்டால் படுக்கும் முன் படித்துவிடுவேன்.

இப்படிக்கு,
இரவுப் பணிச் செவிலியர் ஒருவர்
(பக்கத்து வீட்டாரின் மனம் நோகும் என்பதால் பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)